கோத்தகிரி சாக்லேட் தொழிலுக்குப் பிரைவேட் லிமிடெட்டா, எல்.எல்.பி.யா?

கோத்தகிரிக்கடை: இரண்டு கூட்டாளிகள், சாக்லேட்டும் தேயிலைப் பாக்கெட்டும். ஆண்டு விற்பனை 35 லட்சம், ஆளுக்கு 2.5 லட்சம் மூலதனம். கேரளாவுக்குப் பார்சல் போவதால் ஜி.எஸ்.டி. ஏற்கெனவே எடுத்தாச்சு. இப்போதைக்குப் பதிவில்லாத கூட்டு. தொழில் படுத்தால் வீடு போகக் கூடாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியா, எல்.எல்.பி.யா (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), எதைப் பதிவு செய்யலாம்?

சிம்ஸ்பார்க்: பிரைவேட் லிமிடெட்தான். அங்கீகரித்த மூலதனம் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு) 15 லட்சம் வரை கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவுக் கட்டணமே இல்லை. முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையொப்பம், ஆடிட்டர் கூலி, இவைதான் முக்கியச் செலவு. ஸ்பைஸ் பிளஸ் என்ற கம்பெனிப் பதிவுப் படிவத்திலேயே பான், டான் (வரிப் பிடித்தத்துக்கான எண்) எல்லாம் வந்துவிடும். பலர் தடுக்கி விழுவது பெயரில். ஊர்ப்பெயரும் சரக்கின் பெயரும் மட்டும் சேர்த்து ‘நீலகிரி டீ’ என்பதுபோல் அனுப்பினால் திரும்பி வரும். முன்னால் ஒரு தனிச்சொல் வேண்டும். தேயிலை, சாக்லேட் இரண்டுக்கும் வணிகக்குறி 30ஆம் வகுப்பு. அங்கேயும் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

லவ்டேல்: சிம்ஸ்பார்க் சார், பதிவு சுலபம், நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு? கம்பெனிக்கு விற்பனை ஒரு ரூபாய் என்றாலும் தணிக்கை கட்டாயம். முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும். ஆண்டுக் கணக்குக்கான ஏஓசி-4, ஆண்டு விவரத்துக்கான எம்ஜிடி-7ஏ படிவங்கள் இரண்டும் தவறினால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ஒரு வருஷம் தூங்கினால் 73,000. மூன்று வருஷம் விட்டால் இயக்குநர்களுக்கு 5 ஆண்டு தகுதி இழப்பு. எல்.எல்.பி.யில் ஆண்டு விவரத்துக்கான படிவம் 11 மே 30க்குள், கணக்குக்கான படிவம் 8 அக்டோபர் 30க்குள். இவர்கள் 40 லட்சம் விற்பனைக்கும் 25 லட்சம் பங்களிப்புக்கும் உள்ளே இருப்பதால் எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கையும் தேவையில்லை. வீட்டுக்குப் பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

சிம்ஸ்பார்க்: நாளைக்கு வெளியார் பணம் போட வந்தால்? பங்கு கொடுக்க எல்.எல்.பி.யில் வழியில்லை. வரியும் 30 சதவீதம். கம்பெனி சலுகை வீதத்தைத் தேர்ந்தால் 22. எல்.எல்.பி.யைப் பிறகு கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம் என்றால் யுஆர்சி-1 படிவம், அதற்கு முன் பத்திரிகை விளம்பரம் என்று இரட்டை வேலை.

லவ்டேல்: அந்த 22ஐ மட்டும் பார்க்காதீர்கள். லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் கையில் மறுபடி வரி. எல்.எல்.பி.யில் வரி கட்டிய லாபப் பங்குக்குக் கூட்டாளி கையில் வரியில்லை. 4 லட்சம் லாபம் என்று வையுங்கள்: அதில் 90 சதவீதம், 3.6 லட்சம் வரை கூட்டாளிச் சம்பளமாகக் கழிக்கலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். மீதி 40,000க்குத்தான் 30 சதவீதம். வெளி முதலீட்டாளர் வருவது நிச்சயம் என்றால் உங்கள் பேச்சு சரி. ரெண்டு பேர் கடைக்கு இல்லை.

கோத்தகிரிக்கடை: அப்படியானால் வீட்டுக்கு இனி ஆபத்தே இல்லையா?

லவ்டேல்: இருக்கிறது, இதை அழுத்திச் சொல்கிறேன். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட இடத்தில் பாதுகாப்பு முடிந்தது. பதிவுக்கு முன் வாங்கிய கடனும் உங்கள் தலையில்தான். கோகோ கடனில் வாங்கும்போது பில், செக், கடிதம் எல்லாம் எல்.எல்.பி.யின் முழுப்பெயரில் இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் கையெழுத்திட்டால் சரக்குக்காரர் உங்களைத்தான் பிடிப்பார்.

சிம்ஸ்பார்க்: கம்பெனியிலும் ஜி.எஸ்.டி. பாக்கிக்கு இயக்குநர் மேல் கை வைக்கச் சட்டம் இருக்கிறது, தன் அலட்சியம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பாக்கிக்கு எல்.எல்.பி. கூட்டாளிகள் மேலும் கை வைக்கலாம்.

கூடலூரான்: இருவரும் விட்டது பதிவு அலுவலகத்தின் முகவரிச் சான்று. அதற்குக் காட்டும் மின்கட்டண பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதானால் செல்லாது. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆகவே பில் வந்த வாரத்திலேயே படிவத்தை அனுப்புங்கள். இணைப்பு தாத்தா பெயரில் இருந்தால் உரிமையாளரின் ஆட்சேபமில்லாக் கடிதத்தோடு பெயர் ஒத்துப்போகாது, திருப்பிவிடுவார்கள். எங்கள் கூடலூர்ப் பக்கம் ஜன்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலத்தில் மின் இணைப்பே இல்லாதவர்கள் எரிவாயு அல்லது தொலைபேசி பில்லைக் காட்டலாம். கம்பெனி என்றால் வாசல் பலகையில் தமிழிலும் பெயர் வேண்டும்.

கோத்தகிரிக்கடை: எல்.எல்.பி. என்றே வைக்கிறோம். பதிவான உடனே என்ன?

லவ்டேல்: ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் படிவம் 3-இல் ஏற்றுங்கள். லாபப் பங்கு, சம்பளம், ஒருவர் விலகினால் கணக்குத் தீர்ப்பது, மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். ஆளுக்கு 2.5 லட்சத்தை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம். உணவு உரிமமும் ஜி.எஸ்.டி.யும் புதிய பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். கையிருப்புச் சரக்கின் உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்கான கழிவு) ஐடிசி-02 படிவம் மூலம் புதிய எண்ணுக்கு மாற்றிய பிறகே பழைய எண்ணை ரத்து செய்யுங்கள்.