ரைலே சுவரில் பளபளக்கும் போல்ட்: நம்பித் தொங்கலாமா?

உப்புக்காற்று (இந்திராநகர்)
பெங்களூர் பக்கத்து ராமநகரா பாறைகளில் ஏறும் நம்ம கோஷ்டியில் நாலைந்து பேர் டிசம்பரில் தாய்லாந்து கிராபி பக்கம், ரைலே–டோன்சாய் சுண்ணாம்புக்கல் சுவர்களில் மல்ட்டி-பிட்ச் (பிட்ச் எனும் கட்டம் கட்டமாக) ஏறக் கிளம்புகிறார்கள். அங்கே கயிறும் உயிரும் தொங்குவது பாறையில் அடித்த போல்ட்டுகளில். "ஸ்டெயின்லெஸ் போல்ட்னா கண்ணை மூடிக்கிட்டு கிளிப் பண்ணலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ராமநகரா கிரானைட்டில் போல்ட் கெட்டால் துரு கண்ணில் படும். கடல் ஓரத்தில் அப்படி இல்லை. உப்பிலிருக்கும் குளோரைடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். ஹேங்கரை, அதாவது கயிறு மாட்டப் போல்ட்டோடு இருக்கும் தகட்டை, வளைத்துச் செய்தபோது ஏற்பட்ட அழுத்தமும், நட்டை முறுக்கிய அழுத்தமும் உள்ளேயே இருக்கும். துளையும் அழுத்தமும் சேர்ந்தால் முடி மாதிரி ஒரு விரிசல் உள்ளே ஓடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். தரச்சான்றுப்படி பக்கவாட்டில் 25 கிலோநியூட்டன் (ஏறக்குறைய இரண்டரை டன் பாரம்) தாங்க வேண்டிய போல்ட், ஆள் எடைக்கே முறிந்துபோகும். இதைத்தான் சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யூஐஏஏ 2015-ல் எச்சரித்தது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் இது நடக்கும். அதிலுள்ள மாலிப்டினம் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவே. மழை கழுவாத ஓவர்ஹேங்கில் உப்பு சேர்ந்துகொண்டே போவதால் அங்கேதான் ஆபத்து அதிகம்.

கயிறுமுடி (கே.ஆர்.புரம்)
விஷயம் சரி அண்ணா, ஆனா பயத்தைத் தப்பான இடத்துல வைக்கிறீங்க. ஸ்டேஷன்ல, அதாவது ஒவ்வொரு பிட்ச் முடிவுலயும் நாம கட்டி நிக்கிற இடத்துல, ரெண்டு போல்ட் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். மல்ட்டி-பிட்ச்சுல ஆளைக் கொல்றது இறங்குறப்போ விடுற தப்பு. போல்ட் என்ன உலோகம்னு யோசிச்சுட்டு நிக்கிறவன் கயிறு நுனியில முடிச்சுப் போட மறந்துடுவான்.

இறங்குறப்போ கயிற்றை ஸ்டேஷன்ல கோர்த்து ரெண்டா மடிச்சுத் தொங்கவிட்டு இறங்கி, அப்புறம் கீழ இருந்து உருவுறோம். 60 மீட்டர் கயிற்றை மடிச்சா 30 மீட்டர்தான். பிட்ச் 33 மீட்டர்னா கடைசி 3 மீட்டருக்குக் கயிறே கிடையாது. ஒவ்வொரு நுனியிலும் தனித்தனியா டபுள் ஃபிஷர்மேன் முடிச்சு போடுங்க, முடிச்சைத் தாண்டி ஒரு முழம் வால் விடுங்க. ரெண்டு நுனியையும் சேர்த்து ஒரே முடிச்சாப் போட்டா கயிற்று முறுக்கு வெளியேற வழியில்லாம பின்னிக்கும். ரெண்டு கயிறு இணைக்க ஃபிளாட் ஓவர்ஹேண்ட் முடிச்சு, வால் 40 செ.மீ., நாலு இழையையும் ஒவ்வொண்ணா இழுத்து இறுக்கணும். அதே இடத்துல ஃபிளாட் ஃபிகர்-எயிட் வேண்டாம், பாரம் வந்தா உருண்டு வால் நோக்கிப் போகும்.

கடல் காத்துல கயிற்றை வீசி எறிஞ்சா பக்கத்துத் தொங்குபாறையில போய்ச் சுத்திக்கும். சுருட்டி ஸ்லிங்ல (நாடா வளையம்) வெச்சு இடுப்புக்கு ரெண்டு பக்கமும் மாட்டி, இறங்க இறங்க விடுங்க. முதல்ல இறங்கினவர் ஒரு மீட்டர் இழுத்துப் பார்த்து, ஓடுதுன்னு சொன்ன பிறகுதான் மேல இருக்கிறவர் கிளம்பணும். கயிற்றை உருவுறதுக்கு முன்னாடி நுனி முடிச்சை அவிழ்க்கணும். அதை மறந்து அந்தரத்துல மாட்டிக்கிறது ரொம்ப சகஜம்.

உப்புக்காற்று
இறங்குவது பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரியும் மறுப்பதற்கில்லை. "ரெண்டு போல்ட்" கணக்குதான் தவறு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, ஒரே உப்புக்காற்றில் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாகவே மூப்படையும். ஒன்று முறிந்தால் முழுப் பாரமும் ஒரு குலுக்கலோடு மற்றதன் மேல் விழும். அதே விரிசல் அங்கேயும் இருக்கலாம். இதைத் தனித்தனியான இரண்டு பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம்பிட்ச் (ஜெயநகர்)
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இந்தத் தகராறு உண்மையில் முட்டிக்கொள்ளும் இடம் ஸ்டேஷனிலிருந்து லீட், அதாவது முதலில் ஏறுகிறவர், கிளம்பும் நிமிஷம். அடுத்த போல்ட்டுக்கு முன்னால் விழுந்தால் ஃபால் ஃபேக்டர் (விழுந்த தூரத்தைக் கயிற்று நீளத்தால் வகுத்தது) 2, மிகக் கடுமையான இழுப்பு, நேராக பிலே செய்பவர் (கயிறு பிடிப்பவர்) மேல். அதனால் ஸ்டேஷன் போல்ட் ஒன்றிலேயே முதல் குவிக்டிராவை (கயிறு மாட்டும் இரட்டைக் கொக்கி) போடு என்று நம்ம ஊர் வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அப்படிப் போட்டால், விழுகிறவர் பக்கத்து இழுப்பும் பிலே பக்கத்து இழுப்பும் சேர்ந்து, அந்த ஒற்றைப் போல்ட்டில் விழுந்தவர் உணரும் விசையைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு வரும். இந்த உப்பு விரிசல் வராத நல்ல டைட்டானியத்தில் பரவாயில்லை. சந்தேகத்துக்குரிய ஸ்டீலில் கூடாது. இரண்டு போல்ட்டையும் சேர்த்துக் கட்டிய மாஸ்டர் பாயின்ட்டில் போடுங்கள். கட்டும்போது இரண்டு போல்ட்டுக்கும் போகும் இழைகளுக்கு இடையே கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். 60-ல் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பாரத்தில் 58 சதவீதம் போகும், 120-ல் முழுப் பாரமும் போகும்.

கயிறுமுடி
இதை ஒத்துக்கிறேன். மாஸ்டர் பாயின்ட்தான் சரி. அப்போ டைட்டானியமா இல்லையான்னு தொங்கிட்டே எப்படிக் கண்டுபிடிக்கிறது? காந்தம் எடுத்துட்டுப் போகலாம்னு ஒருத்தர் கேட்டிருந்தார்.

உப்புக்காற்று
காந்தம் உதவாது. ஸ்டெயின்லெஸ் ரகங்களான 304, 316 இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது, டைட்டானியமும் ஒட்டாது. கண்ணால் பாருங்கள். டைட்டானியம் மங்கிய சாம்பல் நிறம், ஸ்டீலின் வெள்ளைப் பளபளப்பு இருக்காது. நட்டும் தனி ஹேங்கரும் இருக்காது. ஒரே துண்டாக வளைந்த கம்பி பாறைக்குள் போகும், சுற்றிலும் எபாக்ஸி பசை விளிம்பு தெரியும். ஸ்டீலிலும் பசை போல்ட் உண்டு, ஆகவே நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹேங்கர் வளைவில் டீத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தால் அந்த ஸ்டேஷனில் தொங்காதீர்கள். கோடு இல்லை என்பது மட்டும் போல்ட் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. ரைலேயில் தைட்டானியம் ப்ராஜெக்ட் (தாய் + டைட்டானியம்) என்ற தன்னார்வக் குழு பழைய போல்ட்டுகளை மாற்றிவருகிறது. எந்த ரூட் முழுக்க மாற்றப்பட்டிருக்கிறது என்று அங்கே போய் இறங்கியதும் உள்ளூர் பாறையேற்றக் கடைகளில் கேட்டுவிட்டு, அந்த ரூட்டையே எடுங்கள்.

மூன்றாம்பிட்ச்
பாறைத் துளையில் கோர்த்த பழைய ஸ்லிங்கையும் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். வெயிலில் வெளுத்தது தெரியும். பாறையில் உரசித் தேய்ந்த பக்கம் உள்ளே மறைந்திருக்கும், சுழற்றிப் பார்க்கணும். ஒரு கத்தி, 6 மீட்டர் 7 மி.மீ. கார்டு (மெல்லிய கயிறு), விட்டுவிட்டு வரக்கூடிய இரண்டு காரபினர் (உலோகக் கொக்கி), இவை ஒவ்வொரு ஜோடியிடமும் இருக்கட்டும். ஸ்லிங்குக்குள் கயிற்றை நேராக விட்டு உருவினால் நைலான் மேல் நைலான் உரசி ஸ்லிங் உருகும். காரபினரை அங்கேயே விட்டு வாருங்கள், காசு போனால் போகிறது.

கயிறுமுடி
இன்னொண்ணு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல 316 நட்-போல்ட் வாங்கி கர்நாடகக் கடலோரத்துக் கோகர்ணம் பாறையில அடிக்கலாம்னு சிலர் திட்டம் போடுறாங்க. அங்க சுண்ணாம்புக்கல் இல்ல, ஆனா உப்பு அதே உப்புதான். டைட்டானியத்துக்குக் காசு சேர்ற வரைக்கும் அங்க மேல மரத்துல கட்டி டாப்-ரோப் (மேலிருந்து தொங்கவிடுற கயிறு) போடுங்க, பாறையில துளை போட வேண்டாம். இதுல நான் உப்புக்காற்று அண்ணன் பக்கம்தான்.