ஐயாவின் கல்வெட்டு, ஐந்தாம் பக்கம்

வதனி: ஐயாவின் 31 ஆம் நாள் நினைவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், நாளைக்கு அச்சகம் போக வேண்டும். ஐந்தாம் பக்கம் போட்டிருக்கிறேன், எல்லோரும் பாருங்கோ.

சுதன்: படம் இருட்டு அக்கா.

குஞ்சியப்பா: பிள்ளை, "சிங்களச் சட்டத்துக்கு எதிராக வழக்காடி வென்றவர்" என்ற வரியை எடுங்கோ. வழக்குப் போட்டவர் கோடீஸ்வரன். அண்ணை இல்லை.

வதனி: ஐயா எந்த நேரமும் அதைத்தானே சொல்லுவார்?

குஞ்சியப்பா: சொல்லுவார். இலங்கையில் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டம், பிறகு 1961 திறைசேரிச் சுற்றுநிருபம். சிங்களப் பரீட்சையில் தேறாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லை. கோடீஸ்வரனும் எங்களைப் போல கிளாக்கர். 1962 இல் அவருடைய ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் போனார். 1964 இல் நீதிபதி டி கிறெற்சர், அப்போதைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பில், ஓர் இனத்துக்குப் பாகுபாடு காட்டும் சட்டம் கூடாது என்ற 29 ஆம் பிரிவுக்கு மாறாக இருப்பதால் மொழிச் சட்டமே செல்லாது என்று தீர்த்தார்.

சுதன்: அப்ப வென்றதுதானே

குஞ்சியப்பா: பொறு தம்பி. 1967 இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. மொழியைத் தொடவே இல்லை. அரசாங்க ஊழியன் சம்பளம் கேட்டு முடிக்கு, அதாவது அரசாங்கத்துக்கு, எதிராக வழக்குப் போட முடியாதாம். 1969 டிசம்பரில் லண்டன் பிரிவிக் கவுன்சில், அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றம், வழக்குப் போடலாம் என்றது. ஆனால் 29 ஆம் பிரிவுக் கேள்வியை இங்கேயே தீர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது.

வதனி: பிறகு?

குஞ்சியப்பா: 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழியை மூடினார்கள். 1972 யாப்பில் 29 ஆம் பிரிவே இல்லை. கேள்வி அப்படியே கிடக்கிறது. வென்றவர் என்று எழுதினால் அண்ணைக்கே பிடிக்காது.

சுதன்: லண்டனுக்கு 50 பிரதி வேண்டும். யார் கொண்டு வருவது?

சின்னம்மா: வழக்கு இருக்கட்டும். ஏற்றம் இல்லாத சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தது அக்கா, உன் அம்மா. அதற்கு ஒரு வரி இல்லை. பரீட்சை அன்று விடிய வெள்ளைச் சேட்டை ஸ்திரி போட்டுக் கதிரையில் மாட்டி வைத்தார். அத்தான் அதைத் திரும்பியும் பார்க்காமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்.

குஞ்சியப்பா: அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினது நான்தான்.

குஞ்சியப்பா: எனக்கு ஏற்றம் வந்தது. அண்ணை ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வதனி: குஞ்சியப்பா...

சின்னம்மா: உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

சுதன்: நான் வெளிச்சமான படம் ஒன்று தேடுகிறேன்.

வதனி: "சிங்களப் பரீட்சை எழுத மறுத்துச் சம்பள ஏற்றத்தை இழந்தவர்." இப்படிப் போடட்டுமா?

குஞ்சியப்பா: அது உண்மை. போடுங்கோ.

சின்னம்மா: அக்காவிடம் கேட்டாயா?

வதனி: அம்மா படுத்திட்டா. விடியக் கேட்கிறேன்.