புதுப்பிப்பு: அடிக்கடி அணைந்த தெர்மோஸ்டாட், சி வயரால் சரியானது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகச் சுவரில் மாட்டிய வைஃபை தெர்மோஸ்டாட் (அறை வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை இயக்கும் கருவி), ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் திரை இருண்டுபோய், கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி எரிகிறது என்று கேட்டிருந்தேன். சி வயர் (தெர்மோஸ்டாட்டுக்கு விடாமல் மின்சாரம் கிடைக்க வைக்கும் பொது வயர்) இல்லாததுதான் காரணம், சுவருக்குள் உதிரி வயர் இருக்கிறதா பாருங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் விடை.

பிரேக்கரை அணைத்துவிட்டு பேஸ் பிளேட்டைக் கழற்றினால், கேபிள் உறையைச் சுற்றிப் பின்னால் மடித்த நீல வயர் ஒன்று எதிலும் சேராமல் கிடந்தது. ஹீட்டரின் கன்ட்ரோல் போர்டு பக்கமும் அதன் மறுமுனை சும்மா தொங்கியது. இரண்டு பக்கமும் சி முனையில் மாட்டியதும் 24 வோல்ட் ஏசி தொடர்ந்து வருகிறது (மல்டிமீட்டர் 26 காட்டியது, அது சகஜம்தான்), திரை அணைவதே இல்லை. பிரேக்கரை அணைக்காமல் மட்டும் கை வைக்காதீர்கள், ஆர் வயர் (24 வோல்ட் வரும் வயர்) சி-யில் உரசினால் போர்டு ஃபியூஸ் போய்விடும். பேட்டரி மாற்றும் யோசனை எனக்கு உதவவில்லை, இந்த மாடலில் பேட்டரியே கிடையாது.

எதிர்பாராத ஒன்று: அப்புறமும் தெர்மோஸ்டாட் அறையைவிட 2 டிகிரி குறைவாகவே காட்டியது. அமைப்பில் போய்த் திருத்தலாம் என்று இருந்தேன், ஆனால் வயர் வரும் ஓட்டையில் கை வைத்தால் சுவருக்குள்ளிருந்து ஜில்லென்று காற்று. புட்டி வைத்து அடைத்தேன், அளவு சரியாகிவிட்டது.