பனிச்சறுக்குப் பயிற்றுநர் தேர்வுக்கு வழிகாட்டல் தேவை

அன்புடையீர், ரொறன்ரோவில் வசிக்கும் நான், 1938இல் தொடங்கப்பட்ட கனடியப் பனிச்சறுக்குப் பயிற்றுநர் கூட்டமைப்பின் முதல்நிலைச் சான்றிதழுக்கு இந்தக் குளிர்காலத்தில் விண்ணப்பிக்க இருக்கிறேன்.

மூன்று ஆண்டுகள் எவரிடமும் பயிலாமல் சறுக்கியதில், உடலைப் பின்னால் சாய்க்கும் பழக்கம் எனக்கு ஊறிப்போயிருந்தது. என் கீழ்க்காலின் முன்பகுதி காலணியின் நாக்கை அழுத்தவே இல்லை என்பதை ஒரேயொரு மணிநேர வகுப்பில் ஒரு பயிற்றுநர் கண்டுபிடித்துத் திருத்தினார். திரும்பும்போது வெளிப்புறப் பலகையில் எடையை ஊன்றுவது என்றால் என்னவென்று அன்றுதான் என் கால்கள் உணர்ந்தன. வகுப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை.

தேர்வில் சறுக்கும் திறனோடு கற்பிக்கும் திறனையும் மதிப்பிடுவார்கள். அதுவே என் கவலை. பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பகுதியை அகட்டி வேகத்தைக் குறைப்பதை, சரிவைக் கண்டு அஞ்சும் சிறுவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதை, இத்தேர்வில் தேறியவர்கள் தயவுசெய்து விளக்குவீர்களா?