வீட்டுக் குழு: டிஸ்க்ல ஆட்மாஸ், ப்ராசசர்ல வெறும் டால்பி டிஜிட்டல்

கார்த்தி: மாமா, 4கே ப்ளூ-ரே அட்டையில டால்பி ஆட்மாஸ்னு (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற வகை) போட்டிருக்கு. சத்தத்தைப் பிரிச்சு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பற ப்ராசசர் டிஸ்ப்ளேல டால்பி டிஜிட்டல்னு மட்டும்தான் வருது.

முருகேசன் மாமா: ப்ளேயர்ல இருந்து ப்ராசசருக்கு என்ன கேபிள் போட்டிருக்கே?

கார்த்தி: ஆப்டிகல், சத்தத்தை ஒளியா அனுப்பற கேபிள். படமும் சத்தமும் சேர்ந்து போற எச்டிஎம்ஐ நேரா டிவிக்குப் போகுது.

முருகேசன் மாமா: அதான் காரணம்டா. ஆப்டிகல்ல ரெண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் சத்தம்) போகும், இல்லேன்னா பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1. அவ்வளவுதான். ப்ளூ-ரேல ஆட்மாஸ் ட்ரூஎச்டிங்கற தரம் குறையாத ட்ராக்குக்குள்ள இருக்கு, அது ஆப்டிகல்ல ஏறாது. ட்ரூஎச்டி கூடவே டிஸ்க்ல ஒரு டால்பி டிஜிட்டல் துணை ட்ராக்கும் இருக்கும். ப்ளேயர் அதைத்தான் அனுப்புது. கேபிள்ல கோளாறு இல்ல, புதுசு வாங்கிடாதே.

உமா சித்தி: டிடிஎஸ்-எச்டி டிஸ்க் போட்டாலும் இப்படித்தான். உள்ள இருக்கற சாதா டிடிஎஸ் கோர் மட்டும் வரும்.

கார்த்தி: எச்டிஎம்ஐயை ப்ராசசர் வழியா விடலாம்னா அது பழசு சித்தி. 4கே படத்துக்கு வேண்டிய காப்பி பாதுகாப்பு எச்டிசிபி 2.2 கிடையாது, 4கே படம் வராது.

உமா சித்தி: ப்ளேயர் பின்னாடி ரெண்டாவது எச்டிஎம்ஐ அவுட் இருக்கா பாரு. ஆடியோ மட்டும்னு எழுதியிருக்கும்.

கார்த்தி: ஆமா, இருக்கு!

உமா சித்தி: மெயின் டிவிக்கு, ஆடியோ அவுட் ப்ராசசருக்கு. மூணையும் ஆஃப் பண்ணிட்டு மாட்டு. ஆன் பண்றப்ப டிவி, அப்புறம் ப்ராசசர், கடைசியா ப்ளேயர். ப்ளேயர் முந்திக்கிட்டா எதிர்ல இருக்கறது எதையெல்லாம் டிகோட் பண்ணும், அதாவது பிரிச்சுப் படிக்கும்னு தெரியாம ரெண்டு சேனல் பிசிஎம்லயே நின்னுடலாம்.

கார்த்தி: மாட்டிட்டேன். இப்ப மல்டி சேனல் பிசிஎம்னு காட்டுது.

முருகேசன் மாமா: அப்படின்னா ப்ளேயரே டிகோட் பண்ணிடுது. ஆடியோ செட்டிங்ல டிஜிட்டல் அவுட்புட்டை பிட்ஸ்ட்ரீம் (ப்ளேயர் பிரிக்காம அப்படியே அனுப்பறது) ஆக்கு. முக்கியமா செகண்டரி ஆடியோவை ஆஃப் பண்ணு. சில ப்ளேயர்ல பிடி ஆடியோ மிக்ஸ்னு இருக்கும். நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். அது ஆன்ல இருந்தா மெனு சத்தம், கமென்டரி எல்லாம் கலக்கறதுக்காக ப்ளேயர் ட்ராக்கை முதல்ல பிரிச்சாகணும். பிரிச்சா ஆட்மாஸ் ஆப்ஜெக்ட் தகவல் (எந்தச் சத்தம் எங்க இருந்து வரணும்ங்கறது) போச்சு, சாதா சேனல்தான் மிஞ்சும்.

கார்த்தி: வந்துடுச்சு மாமா, டிஸ்ப்ளேல ஆட்மாஸ்! ஆனா உதடு அசையறதுக்கு முன்னாடியே பேச்சு கேக்குது.

முருகேசன் மாமா: படத்தை டிவி ப்ராசஸ் பண்ண நேரம் எடுக்குது. படமும் சத்தமும் தனித்தனி வழியில போறதால உதட்டையும் பேச்சையும் தானா பொருத்தற ஆட்டோ லிப் சிங்க்கை நம்ப முடியாது. டிவியில அசைவை வழவழன்னு காட்டற மோஷன் ஸ்மூதிங்கை ஆஃப் பண்ணிட்டு, ப்ராசசர்ல ஆடியோ டிலே 40 மில்லிசெகண்ட் வச்சுப் பாரு. பத்துப் பத்தா கூட்டு.

சீனு அண்ணா: இடையில நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) போட்டா சத்தமே வரல, சிடி நல்லா பாடுது.

உமா சித்தி: ஆப்டிகல்னா எஸ்ஏசிடி வராது சீனு. எச்டிஎம்ஐ போட்டும் வரலேன்னா உன் ப்ராசசர் டிஎஸ்டியை, அதாவது எஸ்ஏசிடியோட ஒலி வடிவத்தை, வாங்காது. ப்ளேயர்ல எஸ்ஏசிடி அவுட்புட்டை டிஎஸ்டில இருந்து பிசிஎம்முக்கு மாத்து.

சீனு அண்ணா: எச்டிஎம்ஐதான் அண்ணி. மாத்தினேன், பாடுது. 88.2ன்னு காட்டுது.

உமா சித்தி: சரிதான். டிஎஸ்டியை பிசிஎம் ஆக்கினா பொதுவா 88.2 இல்லேன்னா 176.4 கிலோஹெர்ட்ஸ் வரும்.