அடினோசின் உள்ளிழுப்புச் சோதனை: ஓர் ஆஸ்துமாக்காரரின் அனுபவம்

சிறு வயது முதல் ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள எனக்கு, அடினோசின் மோனோபாஸ்பேட் கரைசலை நெபுலைசர் வழியாக உள்ளிழுக்கும் சோதனை ஒருமுறை செய்யப்பட்டது. மூச்சுக்குழாய்க்குள் சென்றதும் இப்பொருள், உடலிலேயே இயல்பாக உருவாகும் அடினோசின் என்னும் வேதிப்பொருளாக மாறிவிடும். ஒவ்வொரு முறையும் செறிவை இருமடங்காக்கி, அடுத்து ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளவுக் கருவியில் பலமாக ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு 20 சதவீதம் குறைந்தால் சோதனை முடிந்தது. முதல் சில அளவுகளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சில நிமிடங்களில் நெஞ்சு இறுகி, மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் கேட்டது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அதே கரைசல் ஆஸ்துமா இல்லாதவர்களை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை என்று சோதனைக்கூட மருத்துவர் சொன்னதுதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. 1983-இல் கஷ்லி, டாட்டர்ஸ்ஃபீல்டு, ஹோல்கேட் ஆகிய ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைப் பதிவு செய்தனர். இத்தகைய சோதனைகளில் பயன்படும் இன்னொரு பொருளான மெத்தகோலின் மூச்சுக்குழாய்த் தசையை நேரடியாகச் சுருக்குகிறது. அடினோசினோ பெரும்பாலும், ஹிஸ்டமின் என்னும் ஒவ்வாமை வேதிப்பொருளை வெளியிடும் நோயெதிர்ப்புச் செல்களான மாஸ்ட் செல்கள் வழியாகவே அதைச் செய்கிறது. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் இந்த இறுக்கம் வெகுவாகக் குறைவதே அதற்கு நல்ல சான்று.

ஒவ்வாமைப் பொருள் மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருள்களைப் பிணைக்கும்போது ஹிஸ்டமின் வெளியேறுகிறது. அழற்சியுள்ள திசுவில் செல்களுக்கு வெளியே கசியும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு, சிடி39, சிடி73 என்னும் இரு நொதிகளால் படிப்படியாக அடினோசினாகச் சிதைகிறது. அந்த அடினோசின், ஏற்கெனவே தூண்டப்பட்ட மாஸ்ட் செல்லை மேலும் உசுப்பிவிடுகிறது. அதாவது எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கிறது. மனித மாஸ்ட் செல்லில் இதற்கு, அடினோசின் வந்து பொருந்தும் ஏற்பிகளில் ஒன்றான ஏ2பி முக்கியமானதாகக் கருதப்படுகிறது. ஏ2ஏ ஏற்பியோ, மாறாக, ஹிஸ்டமின் வெளியேற்றத்தைத் தணிக்கிறது. எலிகளில் ஏ3 ஏற்பியின் பங்கு பெரிது என்பதால், எலியில் கிடைத்த முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். நான் முன்பு ஆஸ்துமாவுக்காகச் சாப்பிட்ட தியோஃபிலினும் அடினோசின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்துதான், அதன் பயன் முழுவதற்கும் அது மட்டுமே காரணமில்லை என்றாலும்.

சில ஆண்டுகள் கழித்து இதயத் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்காக அடினோசின் ஏற்றுவதாக இருந்தபோது, இந்தச் சோதனையின் அறிக்கையைக் காட்டினேன். உடனே அடினோசினைத் தவிர்த்து டோபியூட்டமின் என்னும் வேறொரு மருந்தைக் கொண்டு ஸ்கேனை முடித்தார்கள். இரத்தத்தில் அடினோசினின் அரை ஆயுள் 10 வினாடிக்கும் குறைவே என்றாலும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறுக்கம் அதைவிட நீடிக்கக்கூடும். டைபிரிடமோல் மருந்தும் செல்கள் அடினோசினை உறிஞ்சிக்கொள்வதைத் தடுத்து அதன் அளவை உயர்த்துவதால், அதைக் கொண்டு ஸ்கேன் செய்வதாகச் சொன்னாலும் ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.