புல்தரைக்குத் தினமும் தண்ணீர் விட்டும் வாடுகிறதே?

பணகுடி வாசகி:
வீட்டு முன்னால் 20-க்கு 15 அடியில் பெர்முடா புல், செம்மண் தரை. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஓஸ் பிடித்து அடிக்கிறேன். மத்தியானம் ஆனால் துவண்டுவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் நீளம்கூட இல்லை. அக்கினி நட்சத்திரத்துக்குள் தேறுமா?

பாளையங்கோட்டை தோட்டக்காரர்:
தேறும் தங்கச்சி. பெர்முடா நம்ம அருகம்புல் இனம்தான், ஆழமாக வேர்விடக்கூடியது. ஆனால் ஈரம் இருக்கிற இடத்தில்தான் வேர் ஓடும். தினமும் மேலாக நனைத்தால் ஈரம் மேல்மண்ணிலேயே நின்றுவிடும், வெயிலில் முதலில் காய்வதும் அதுதான்.

வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் விடுங்கள், நின்று நிதானமாக. வாரத்துக்கு மொத்தம் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர், கடும் கோடையில் ஒன்றரை. ஓர் அங்குலம் என்றால் உங்கள் இடத்துக்குச் சுமார் 700 லிட்டர். தட்டையான டப்பா நாலைந்து அங்கங்கே வைத்தால் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும். விட்டு முடித்த மறுநாள் நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள், அரை அடி சிரமமில்லாமல் இறங்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். இடைவெளியை மூன்று நாலு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடந்த கால்தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் புல் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். விடுவது விடியற்காலையில் இருக்கட்டும். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற மேல்காற்று, தெளிக்கும் தண்ணீரில் பாதியைத் தெருவுக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம், ஒட்ட வெட்டவே கூடாது. இலை குறைந்தால் வேரும் குறையும்.

சங்கரன்கோவில் கரிசல்காரன்:
அண்ணாச்சி சொல்வது செம்மண்ணுக்குச் சரி. எங்கள் கரிசலில் மொத்தமாக விட்டால் வழிந்து ஓடிவிடும். கால் மணி நேரம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடியும் விடுகிறேன். வெடிப்பு விழும்வரை காயவும் விடுவதில்லை. வெடிப்பு விழுந்தால் தண்ணீர் அதற்குள்ளேயே போய்விடுகிறது.

பணகுடி வாசகி:
நன்றி அண்ணாச்சி. போன வாரம் ஓரத்தில் கொரியன் புல் பத்தை பதித்தோம். அதற்கும் இப்படித்தானா?

பாளையங்கோட்டை தோட்டக்காரர்:
அதற்கு இப்போது தினமும் வேண்டும். பத்தையின் மூலையைத் தூக்கிப் பாருங்கள். கையோடு வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டதும் இடைவெளியைக் கூட்டலாம்.